எந்தக் காலனி?

கோவிலம்பாக்கத்தில் வீடு தேடி நாங்கள் ஏறி இறங்கிய மாடிகளில் எல்லாம் கேள்விகள் ஒரே வரிசையில்தான் வந்தன. எத்தனை பேர், என்ன வேலை, சொந்த ஊர் எது. மதுராந்தகம் பக்கம் என்று சொன்னால் "பக்கம்னா?" என்பார்கள். ஊர்ப் பேரைச் சொன்னால் "ஊர்ல எங்க?" என்பார்கள். செங்கல்பட்டுச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த 'எங்க'வை விளக்க வேண்டியதில்லை. ஊர் என்றால் ஊர். காலனி என்றால் நாம்.

வெள்ளக்கல் போகிற வழியில் ஒரு வீடு. அன்றைக்கு அது ஏழாவது வீடு. களைப்பிலோ எரிச்சலிலோ "காலனியில" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மா பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முகம் மலர்ந்து, "ஹவுசிங் போர்டு காலனியாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் "ஆமாங்க" என்றார். எங்கள் ஊரில் ஹவுசிங் போர்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனால் சாவி கிடைத்துவிட்டது. அந்த ஒரு 'ஆமாங்க'வுக்குக் கீழேதான் பதினோரு மாதம் குடியிருந்தோம்.

ஒரே சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை இருக்கிறதைப் பாருங்கள். பட்டணத்துப் புறநகரில் டீச்சர்ஸ் காலனி, பேங்க் காலனி, ஆபீசர்ஸ் காலனி என்று பலகை வைத்தால் மனை விலை ஏறும். ஐம்பது மைல் தெற்கே அதே காலனி என்றால் டீக்கடையில் தனி டம்ளர். தமிழ் எம்.ஏ. படித்த பாவத்துக்கு நான் இந்தச் சொற்களின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சேரி என்பது பழந்தமிழில் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பார்ப்பனச் சேரியும் உண்டு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வரும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில், சுடுகாட்டோடு சேர்த்து அளந்து வைத்திருக்கிறார்கள். பொற்காலம் என்று மேடைதோறும் பேசுகிறவர்கள் அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். பிறகு வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பின்னும் சர்க்கார் நமக்கு மனை வாங்கிக் கொடுத்தபோது சேரிக்குப் பக்கத்தில் காலனி வந்தது. பேர் புதுசு, இடம் பழசு. கொஞ்ச நாளில் புதுப் பேரும் பழைய பேரின் நாற்றத்தை வாங்கிக்கொண்டது. 2025 ஏப்ரல் 29ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம்தான். அடுத்து வரப்போகிற சொல்லை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாள், தோழர் ஒருவரின் அறையில் 'சபர்பிகான்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தேன். 2017இல் ஜார்ஜ் க்ளூனி இயக்கியது. 1959ஆம் வருஷத்துக் கதை. வெட்டிவிட்ட புல், வெள்ளைப் பூச்சு, வாசலில் கார் என்று எல்லா வீடும் ஒரே மாதிரி நிற்கிற புறநகர். அங்கே முதல்முதலாக ஒரு கறுப்பர் குடும்பம் குடிவருகிறது. ஊரே அந்த வீட்டைச் சுற்றி நின்று தகரத்தைத் தட்டுகிறது, கூச்சல் போடுகிறது, கல் எறிகிறது. பின்பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கனவான் இன்சூரன்ஸ் பணத்துக்காகப் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மறைக்க வேண்டிய அசிங்கம் உள்ளவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லாதவர்களின் வாசலில்தான் கூட்டம். படம் நன்றாக ஓடவில்லை. அந்தக் கறுப்பர் குடும்பத்துக்குப் பேசுவதற்கே வசனம் இல்லை என்று விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். கல்லடி படுவதற்கு மட்டும் அவர்களைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். நமக்கு இது பழகிய விஷயம்.

கதைக்கு அடியில் நிஜம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் லெவிட்டவுன் என்ற புறநகரில் 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பர் தம்பதி பிள்ளைகளோடு குடிபோனார்கள். நூற்றுக்கணக்கில் கூட்டம் கூடியது. கல் விழுந்தது, சிலுவை எரிந்தது. பக்கத்தில் காலியாகக் கிடந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் பாட்டைச் சத்தமாகப் போட்டார்கள். அவர்கள் அசையவில்லை, சில வருஷம் அங்கேயே வாழ்ந்தார்கள். லெவிட் கம்பெனி அதற்குப் பத்து வருஷம் முன்னால் நியூயார்க் அருகில் கட்டிய முதல் லெவிட்டவுனின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளை இனத்தாரைத் தவிர வேறு யாரையும் இந்த வீட்டில் குடிவைக்கக் கூடாது; வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு. இதைப் படித்தபோது எனக்குக் கோவிலம்பாக்கத்து அடுக்குமாடிகளின் பின்வாசல்தான் ஞாபகம் வந்தது. காலையில் ஏழு மணிக்குப் பாத்திரம் துலக்க நம் பெண்கள் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு, அது பெரிய வித்தியாசம். அங்கே தோல் சொல்லிவிடும். இங்கே தோல் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எந்த ஊர், ஊரில் எங்கே, குலதெய்வம் எது, கவுச்சி உண்டா, உண்டென்றால் எந்தக் கவுச்சி. அவர்கள் எழுதி வைத்த ஷரத்தை நம்மவர்கள் பேச்சாகவே வைத்துக்கொண்டார்கள். எழுத்தில் இல்லாததைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் எந்தக் குடியிருப்புப் பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. மையர்ஸ் வீட்டில் கல் விழுவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நம்மிடம் இந்தச் சட்டம் இருந்தது. இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1948இல், நிறம் பார்த்து வீடு மறுக்கும் ஷரத்துகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று சொல்லிவிட்டது. நம் உச்சநீதிமன்றம் 2005இல், அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வீட்டு வசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. 1917இல் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பேரைச் சொல்லித் தங்கினார் ஒரு இளைஞர். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். பாபாசாகேப் அம்பேத்கர் தன் கையாலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். பதினோரு நாள் பேரை மறைத்து வாழ்ந்ததையும் அவர் மறைக்கவில்லை.

வாடகை வீட்டு விவகாரத்தை நகரத்து நாகரிகக் கோளாறாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஐ.டி. வந்தது, வாடகை ஏறியது, மனுஷாள் மாறிப்போனார்கள் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்தச் சீமையில் நமக்கும் வீட்டு மனைக்குமான வழக்கு மிகப் பழையது.

செங்கல்பட்டு மிராசு நாடு. ஊர் நிலத்துக்கு மட்டும் மிராசுதார் பாத்தியதை கொண்டாடவில்லை. சேரி நிற்கிற நத்தமும் தன்னுடையது என்றான். நம் பாட்டன் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்த இடம், ஆனால் காலடி மண் அவனுடையதில்லை. கூலி போதாது என்று வாய் திறந்தால், வேறு பண்ணைக்குப் போகிறேன் என்றால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பான். 1891இல் இந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி சர்க்காருக்கு எழுதிய அறிக்கையில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தரிசு நிலத்துக்கு நம்மவர்கள் தரகாஸ்து போட்டாலும் முன்னுரிமை மிராசுதாருக்கே. அவன் பயிர் செய்ய மாட்டான், நம்மைப் பயிர் செய்ய விடவும் மாட்டான். சொந்த நிலம் வந்துவிட்டால் பண்ணைக்கு ஆள் எங்கே? ஆகவே நிலத்தோடு குடியிருப்பு மனையும் கொடுத்தால்தான் இவர்கள் நிமிர முடியும் என்று அந்த வெள்ளைக்காரருக்குத் தோன்றியது. இங்கே ஊழியம் செய்த பாதிரிமாரும் அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். நன்றி என்று நான் சொல்ல வரவில்லை. கிஸ்தி வாங்கியதும் அதே சர்க்கார்தான். ஆனால் வீட்டடி மண்ணுக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள முடிச்சைக் கண்டு எழுதினவன் என்ற அளவில் அந்தப் பேரை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதன்மேல் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. பத்து வருஷம் விற்கக்கூடாது, அப்புறமும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் என்ன ஆயிற்று என்பதை மாமல்லபுரம் சாலையில் ஒருமுறை பஸ்ஸில் போனாலே பார்க்கலாம். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போய், அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலையை அதிகாரிகள் பெயர்த்தெடுத்தபோது மூண்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. ஊரிலிருந்து லாரியில் போன சித்தப்பா ராத்திரி வீடு திரும்பாததும், அம்மா தெருமுனையிலேயே உட்கார்ந்திருந்ததும் மங்கலாக நினைவிருக்கிறது.

புறநகரின் பிறப்பை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். கோவிலம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம், நாராயணபுரம் எல்லாம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். வழிகிற தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். ஏரிக்குக் கீழே நாற்று நட்டவர்கள் யார், களை எடுத்தவர்கள் யார், மதகு திறந்தவர்கள் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாமல் இல்லை. நிலம் மனையானபோது பட்டா வைத்திருந்தவன் கையில் பணம் வந்தது. நட்டவர்களுக்குப் போனது வேலை மட்டும்தான். பட்டா இல்லாதவனுக்கு நஷ்டஈடு கேட்க வாய் ஏது? வயல் வரப்பை அழித்து லட்சுமி நகர், சரஸ்வதி நகர் என்று கல் நட்டார்கள். பழைய சேரி அந்த நகர்களுக்கு நடுவில் ஒரு தெருவாக ஒடுங்கிப்போனது. புரோக்கர் மனை காட்டக் கூட்டிவந்தால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். இன்று 200 அடிச் சாலை வந்துவிட்டது, மெட்ரோத் தூணும் எழுந்துவிட்டது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் தொட்டியை உறிஞ்ச லாரி வருகிறது. லாரியோடு வருகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று எந்த வீட்டுக்காரரும் கேட்பதில்லை. அங்கே மட்டும் கேள்வி தேவைப்படுவதில்லை.

பட்டணத்துக்குள்ளிருந்து துரத்தப்பட்டவர்களும் இந்தப் பக்கம்தான் வந்தார்கள். கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகளைப் பிரித்து 2000 முதல் கண்ணகி நகரிலும், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியிலும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்திலும் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டினார்கள் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். பெரும்பாக்கத்தில் மட்டும் சுமார் 20,000 வீடுகள். அதில் தலித்துகள் எத்தனை பங்கு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலைக்கு மனுப் போடும் பையன்கள் விலாசத்தில் கண்ணகி நகர் என்று எழுத மாட்டார்கள். துரைப்பாக்கம் என்று எழுதுவார்கள். போலீஸ் மறித்துக் கேட்டாலும் துரைப்பாக்கம்தான். ஊர் மறைப்பு, தெரு மறைப்பு, சாதி மறைப்பு எல்லாம் ஒரே பாடம்தான்.

சினிமா இதை எப்படிப் பார்த்தது? நம்மூர் சினிமாவுக்கு மறைந்த பிறப்பு என்றால் கொள்ளை ஆசை. 1956இல் வந்த 'மதுரை வீரன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்புத் தைக்கும் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் எடுத்து வளர்க்கும் பிள்ளை எம்.ஜி.ஆர். ஆனால் அவன் பிறப்பால் ராஜகுமாரன். கதைப்பாடலிலேயே இருந்த காசி ராஜா பிறப்பைப் படம் இறுகப் பிடித்துக்கொண்டது. அருந்ததியத் தெருக்களில் சாமியாக நிற்பவனைத் திரையில் வீரனாக்க வேண்டுமென்றால் முதலில் அவனை அருந்ததியன் இல்லை என்றாக்க வேண்டியிருந்தது. அப்படியும் நம் சனங்கள் அந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். எங்கள் பாட்டி மூன்று தரம் பார்த்ததாகச் சொல்லும். ராஜா பிள்ளை சமாச்சாரம் கேட்டால், "அது சும்மா சொல்றானுங்க, அவன் நம்பாளுதான்" என்று முடித்துவிடும். எந்த விமர்சகரும் பாட்டி அளவுக்குத் தெளிவாகச் சொல்லிவிடவில்லை.

இதைத் தலைகீழாகப் போட்டது 'ஒரே ஒரு கிராமத்திலே'. பார்ப்பனப் பெண் காயத்ரி, கருப்பாயி என்ற பேரில் பொய்ச் சான்றிதழ் வாங்கி அதிகாரியாகிறாள். மாட்டிக்கொள்ளும்போது நாம் அவளுக்காக அழ வேண்டும். இடஒதுக்கீட்டைக் குத்துவதற்கென்றே எடுத்த படம். எதிர்ப்புக் கிளம்பி, உயர்நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கருத்துரிமையின் பேரால் படத்தை விடுவித்தது. கருத்துரிமை இருக்கட்டும், நான் அதற்கு எதிரியில்லை. சாதியை மறைத்து வாழும் கஷ்டத்தைத் தமிழ் சினிமா ஒரு முழுப் படமாக எடுத்தபோது மறைப்பவளாக அகப்பட்டது ஒரு பார்ப்பனப் பெண்தான் என்பதைத்தான் சொல்கிறேன். வீடு கிடைக்க முதலியார் என்று சொல்லும் நம் ஆயிரமாயிரம் கருப்பாயிகளுக்குக் கேமரா திரும்பவில்லை.

செழியனின் 'டு லெட்' ஓரளவு நெருங்கி வந்தது. 2019 தொடக்கத்தில் தியேட்டருக்கு வந்தது, கதை நடப்பது 2007இல். ஐ.டி. பணம் வாடகையை ஏற்றிவிட்ட சென்னையில், வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட சினிமா உதவி இயக்குநர் ஒருவர் மனைவியோடும் பிள்ளையோடும் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். பின்னணி இசை கிடையாது. கதவு திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும்தான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆனாலும் என் பார்வையில், அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நிற்கிற பெரிய தடை வருமானமும் சினிமாத் தொழிலும்தான். நல்ல சம்பளம் வந்தால் அவர்களுக்குக் கதவு திறந்துவிடும் என்று தோன்றுகிறது. எங்களுக்கு அட்வான்ஸ் கையில் இருந்தும் திறக்கவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். சமையலறை ஜன்னல் வீட்டுக்காரம்மாவின் மாடிப்படிக்கு நேராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கறி எடுத்தால் அம்மா ஜன்னலை அடைத்துவிட்டு, பட்டை சோம்பு கூடுதலாகப் போட்டு ஆட்டுக்கறி வாசனைக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். பாபாசாகேப் படம் பீரோவுக்குள், சேலைகளுக்கு நடுவில் இருந்தது. ஊர்வலத்தில் தூக்கிப் பிடிப்பவள் நான், வீட்டில் அவரைப் பூட்டி வைத்திருந்தேன். இதையெல்லாம் பெரியவர்கள் தாங்கிக்கொள்ளலாம். ஏழு வயசு மகளை என்ன செய்வது? வீட்டுக்காரம்மா பிரியமானவர்தான். படிக்கட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு உங்க வூட்ல என்ன கொழம்பு?" என்று கேட்பார். அது வெறும் பேச்சாகவும் இருக்கலாம். கீரை என்று சொல்லப் பழக்கினோம். நானே பழக்கினேன்.

இரட்டைமலை சீனிவாசன் எங்கள் மாவட்டத்துக்காரர், கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்தபோது, சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் சக மாணவர்கள் இழிவாக நடத்துவார்களே என்று பயந்து, மணி அடிக்கிறவரை வெளியே எங்கேயாவது நின்று படித்துவிட்டு அப்புறம்தான் வகுப்புக்குள் நுழைவாராம். விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். 1939இல் எழுதிய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் வெட்கப்படாமல் இதைச் சொல்லியிருக்கிறார். அப்படி ஓடிய பையன்தான் 1893இல் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். அந்தப் பேருக்குரியவன் நான்தான் என்று ஒருவன் முன்னால் வந்து நிற்காதவரை அவனுக்கு உரிமை கிடைக்காது என்பது அவர் கணக்கு. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்று திரும்பியபோது, கண்ணகி நகர் கார்த்திகா என்றுதான் நாடே அந்தப் பெண்ணின் பேரைச் சொன்னது. பையன்கள் விலாசத்தில் எழுதப் பயந்த ஊர்.

பதினோரு மாதம் முடிந்து அக்ரிமெண்டைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரம்மாவின் மருமகன் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். அவர் கிராமத்திலிருந்து வந்தவர். விலாச வரியில் அம்பேத்கர் தெரு, காலனி என்று இருந்தது. வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாளில் சொந்தக்காரர்கள் குடிவரப் போகிறார்கள், வீடு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தம்மா கண்கலங்கித்தான் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சாமான் ஏற்றும்போதே டு லெட் பலகை மாட்டியாயிற்று.

இப்போது பக்கத்து ஊரில், நகர்களுக்கு நடுவில் ஒடுங்கிப்போன அந்த மாதிரித் தெரு ஒன்றில், நம்மவர் வீட்டு மாடியில் இருக்கிறோம். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். பாபாசாகேப் கூடத்துச் சுவரில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு அக்கா, கறி வாசனை தெருவெல்லாம் அடிக்குதே என்று சிரித்துக்கொண்டே மகளிடம், "இன்னாடி கொழம்பு?" என்று கேட்டாள். கீரை என்றது பிள்ளை.